விதையை எப்போது திறப்பது: பேரணாம்பட்டு அடுப்படியும் முழுச் சீரகமும்

பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் பிரியாணி என்றால் அது சீரகச் சம்பாவில் ஆனது. பொடிசாக, மெலிதாக, சீரகத்தின் வடிவில் இருப்பதால் அந்த அரிசிக்கு அந்தப் பெயர். ஆனால் தம் போட்ட அண்டாவைத் திறந்து சீரகத்தைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், இஞ்சி பூண்டு விழுது, தயிர், தக்காளி, வெங்காயம், கறி, அரிசி, அவ்வளவுதான். சீரகத்தின் பெயர் மட்டும் அண்டாவுக்குள் இருக்கிறது. சீரகம் அண்டாவுக்கு வெளியே வேலை செய்கிறது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் கட்டாவில், தால்ச்சாவில், மறுநாள் வைக்கும் மிளகு ரசத்தில், ரம்ஜான் மாதத்து நோன்புக் கஞ்சியில் அது இருக்கிறது. பிரியாணியைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. அதன் பக்கத்தில் நிற்கும் இந்தச் சமையலைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

வேலூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் பேரணாம்பட்டு. 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின; பேரணாம்பட்டு வேலூரோடு நின்றது. மாவட்ட எல்லை எப்படிப் போனாலும் தோல் பதனிடும் தொழில் இந்த ஊர்களை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. உருது பேசும் முஸ்லிம் குடும்பங்கள், தமிழ் பேசும் பல சமூகத்தார், எல்லையோரத் தெலுங்குக் குடும்பங்கள் என்று பலரும் பக்கத்துப் பக்கத்தில் வாழும் பகுதி இது. ஒருவருக்குச் சீரகம், இன்னொருவருக்கு ஜீரா, மற்றொருவருக்கு ஜீலகர்ரா. மளிகைக்கடையில் மூவருக்கும் ஒரே டப்பாவிலிருந்துதான் அள்ளிப் போடுவார்கள். வீட்டுக்குப் போன பிறகு அந்தச் சீரகத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

அந்தக் கையாளுதலைப் பற்றியதே இந்தக் கட்டுரை. சீரகம் தன் மணத்தைத் தன் தோலுக்குள் அடைத்து வைத்திருக்கும் ஒரு சரக்கு. அதை எப்போது திறப்பது, எதில் திறப்பது, எவ்வளவு திறப்பது என்று முடிவு செய்வதுதான் சீரகச் சமையலின் சாரம். தலைமுறைகளாக அந்த முடிவை எடுத்தவர்கள் அடுப்படியில் நின்ற பெண்களும், அண்டாவின் முன் நின்ற சமையற்காரர்களான பண்டாரிகளும். சீரகத்தைப் பொடியாகவே வாங்கத் தொடங்கும்போது அந்த முடிவு நம் கையை விட்டு ஆலைக்குப் போகிறது. அதோடு போவது மணம் மட்டும் இல்லை. சரக்கின் தரத்தை நாமே சோதித்துப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடுகிறது.

தோலுக்குள் இருப்பது

சீரகம் என்று நாம் அள்ளுவது தாவரவியல்படி ஒரு காய்ந்த பழம். கியூமினம் சைமினம் என்ற செடியின் பழம். கொத்தமல்லி, சோம்பு, ஓமம், கேரட் எல்லாம் அதே குடும்பம். ஒவ்வொரு சீரகமும் ஒட்டியிருக்கும் இரண்டு பாதிகளால் ஆனது. அதன் மேல் நீளவாக்கில் ஓடும் வரிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம். அந்தத் தோலுக்குள்தான் நுண்ணிய எண்ணெய்க் குழாய்கள் ஓடுகின்றன. சீரகத்தின் எடையில் ஏறத்தாழ 2 முதல் 5 விழுக்காடு வரை ஆவியாகிப் போகக்கூடிய எண்ணெய். மணம் முழுவதும் அதில்தான்.

அந்த எண்ணெயில் முதன்மையானது கியூமினால்டிஹைடு. சீரகத்துக்கே உரிய அந்தக் கனத்த, லேசாகக் கசந்த வாசம் அதிலிருந்து வருகிறது. கூடவே காமா டெர்பினீன், பீட்டா பைனீன், பாரா சைமீன் போன்றவை உண்டு. இவற்றின் கொதிநிலைகள் வேறு வேறு. பீட்டா பைனீன் 166 பாகை செல்சியஸ் அளவில் கொதிக்கும். கியூமினால்டிஹைடு 235 பாகைக்கு அருகில்தான் கொதிக்கும். ஆகவே சூடு பட்டதும் முதலில் கிளம்புவது பச்சை வாசமுள்ள லேசான பகுதி; கனத்த பகுதி பின்தங்கி நிற்கும். இன்னொரு செய்தியும் முக்கியம். இவை தண்ணீரில் மிக அரிதாகக் கரைபவை, எண்ணெயிலும் நெய்யிலும் எளிதாகக் கரைபவை. சீரகத்தை எண்ணெயில் தாளிப்பதற்கும் தண்ணீரில் கொதிக்க வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு பண்பில் அடங்கிவிடுகிறது.

தோல் பதனிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது. குரோம் உப்பு வருவதற்கு முன் இந்தப் பகுதியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்ட தொட்டிகளில்தான் தோல் ஊறியது. பட்டையை எவ்வளவு சிறிதாக நறுக்கினார்களோ அவ்வளவு விரைவாகத் துவர்ப்புச் சாறு இறங்கும். பெரிய துண்டுகளில் மெல்ல இறங்கும். எந்தக் கட்டத்தில் தோலுக்கு எவ்வளவு சாறு தேவை என்பதை அறிந்தே பட்டையின் அளவை முடிவு செய்ய வேண்டும். முழுச் சீரகம், ஒன்றிரண்டாக இடித்தது, நைசாக அரைத்தது என்ற மூன்று நிலைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடும் இதுதான்.

நான்கு வழிகள்

முதல் வழி எண்ணெய். தமிழ் வீடுகளில் தாளிப்பு, உருது வீடுகளில் பகார். கடுகு முதலில் போகும். அது வெடிக்க நல்ல சூடு வேண்டும். உளுத்தம்பருப்பு சிவந்த பிறகே சீரகத்தின் முறை. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. சீரகம் சிறியது, அதன் தோல் மெல்லியது, நொடிகளில் கருகிவிடும். எண்ணெயில் விழுந்ததும் ஒவ்வொரு சீரகத்தையும் சுற்றி நுரை எழும்புகிறதே, அது உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுவது. ஈரம் இருக்கும்வரை சீரகம் கருகாது. நுரை அடங்கத் தொடங்கும் நொடியில் ஈரம் தீர்ந்துவிட்டது. பச்சை கலந்த பழுப்பு நிறம் நல்ல பழுப்பாக மாறியிருக்கும். வெங்காயமோ கறிவேப்பிலையோ அப்போது உள்ளே விழ வேண்டும். அதன் ஈரம் எண்ணெயின் சூட்டைத் தணித்துச் சீரகத்தைக் காப்பாற்றும். இன்னும் சில நொடி விட்டால் கசப்பு ஏறும். பிறகு எதைச் சேர்த்தும் அதை மறைக்க முடியாது. சமைப்பவர் நுரையைப் பார்க்கிறார், மணத்தை முகர்கிறார், சத்தத்தைக் கேட்கிறார். மூன்றும் ஒன்றுசேரும் புள்ளியில் கை தானாக வெங்காயத் தட்டுக்குப் போகிறது.

கத்திரிக்காய் கட்டா இந்த வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு. எண்ணெயில் வதங்கிய கத்திரிக்காய் புளிக்கரைசலில் வெந்து, கெட்டியாகி, மேலே எண்ணெய் பிரிந்து நிற்கும் குழம்பு அது. வீட்டுக்கு வீடு சேர்மானம் மாறும். சிலர் வேர்க்கடலையும் எள்ளும் அரைத்து விடுவார்கள். பிரிந்து நிற்கும் அந்த எண்ணெய்தான் சீரகத்தின் மணத்தைத் தாங்கி நிற்கிறது. சோற்றில் ஊற்றும்போது முதலில் மூக்கைத் தொடுவது அந்த மேற்பரப்பு. எலும்போடு கடலைப்பருப்பும் காயும் சேர்ந்து வேகும் தால்ச்சாவில் பகார் கடைசியில் விழுவதற்கும் இதே காரணம். தொடக்கத்திலேயே போட்டுப் பருப்போடு நெடுநேரம் கொதிக்கவிட்டால் லேசான மணங்கள் நீராவியோடு போய்விடும். கடைசியில் கொட்டி மூடியைப் போட்டால் அவை அண்டாவுக்குள் நிற்கும்.

இரண்டாவது வழி வெறும் சட்டி. எண்ணெய் இல்லாமல் சிறு தீயில் வறுக்கும்போது சீரகத்தின் புரதமும் சர்க்கரையும் ஒன்றோடொன்று வினைபுரிந்து புதிய மணங்கள் பிறக்கின்றன. மெய்லார்ட் வினை என்று வேதியியலார் சொல்வது இதைத்தான். வறுத்த வேர்க்கடலையிலும் காப்பிக்கொட்டையிலும் உள்ள பைரசின் என்ற சேர்மங்கள் வறுத்த சீரகத்திலும் உருவாகின்றன. தயிர்ப் பச்சடிக்கும் நீர்மோருக்கும் வேண்டியது இந்தச் சீரகம். ஆறிய மோரில் தாளிப்பு எண்ணெய் மிதந்து நிற்கும். வறுத்து நுணுக்கிய சீரகம் மோரோடு கலந்துவிடும். இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. சீரகம் வறுக்கும்போது வீடெல்லாம் மணந்தால், அந்த மணம் அவ்வளவும் சட்டியை விட்டுப் போனது. அன்றைக்கு வேண்டியதை மட்டும் வறுத்து, ஆறவிட்டு, உடனே நுணுக்கிப் போடும் வழக்கத்தின் நியாயம் அங்கே இருக்கிறது.

மூன்றாவது வழி பச்சையாக இடிப்பது. மிளகும் சீரகமும் பூண்டும் அம்மியிலோ இடிகல்லிலோ ஒன்றிரண்டாக நசுங்கி ரசத்தில் விழும். ஆட்டுக்கால் சூப்புக்கும் இதே சேர்மானம்தான். எண்ணெய்க் குழாய்கள் உடைந்துவிட்டதால் இந்தச் சீரகத்துக்கு அதிகச் சூடு தேவையில்லை, அதிகச் சூட்டை அது தாங்கவும் செய்யாது. ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதிக்கவிடக் கூடாது என்று வீட்டில் சொல்வது இதனால்தான். மிளகு சீரகக் கூட்டு பிரியாணிக்குச் சிவப்பைக் கொடுக்கும் மிளகாயை விடப் பழையது. மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துகீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் வந்தது. அதற்கு முன் காரத்துக்கு மிளகு. மிளகோடு துணையாகச் சீரகம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஏலம், சீரகம் ஐந்தும் சேர்ந்த பஞ்ச தீபாக்கினிச் சூரணம் சித்த மருத்துவத்தில் இன்றும் செரிமானத்துக்குக் கொடுக்கப்படுகிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிகளிடம் செய்த ஆய்வுகளில், சீரகம் உள்ளிட்ட சில மசாலாப் பொருள்கள் செரிமான நொதிகளின் செயலைக் கூட்டுவது தெரியவந்தது. எலியிடம் கண்டதை மனிதருக்கு அப்படியே பொருத்த முடியாது என்றாலும், பழைய நம்பிக்கை ஆய்வுக்கு உரியது என்பதற்கு இது சான்று. இடித்த சீரகத்துக்குச் சடங்கிலும் இடம் உண்டு. தெலுங்குக் குடும்பத் திருமணங்களில் முகூர்த்த நேரத்தில் மணமக்கள் ஒருவர் தலையில் ஒருவர் வைப்பது சீரகமும் வெல்லமும் சேர்த்து அரைத்த விழுது.

நான்காவது வழி முழுசாகக் கொதிக்க வைப்பது. நோன்புக் கஞ்சி அதன் சிறந்த வடிவம். ரம்ஜான் மாதத்தில் பள்ளிவாசல் முற்றத்து அண்டாவில் பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, சீரகம் எல்லாம் பிற்பகல் முழுக்கக் குழைய வேகும். தமிழக அரசு இதற்கென்றே பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கிவருகிறது. இங்கே சீரகம் உடைவதில்லை, பொரிவதும் இல்லை. ஊறி, மெத்தென்று ஆகி, மணத்தைச் சிறிது சிறிதாகக் கஞ்சிக்கு விடுகிறது. விடியலிலிருந்து மாலை வரை நீரும் அருந்தாத வயிற்றுக்குத் தாளிப்பின் கூர்மை ஏற்காது. இந்த அடங்கிய மணம் ஏற்கும். அண்டாச் சோற்றில் பழகிய பண்டாரி, கஞ்சிக்கு மட்டும் சீரகத்தைப் பொரிக்காமல் விடுவது அந்த வயிற்றை அறிந்ததால்.

இதே வழியின் எளிய வடிவம் சீரகத் தண்ணீர். இந்தப் பகுதியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது நாடறிந்த வழக்கு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக நிலைநாட்டியது. அப்படிப்பட்ட மண்ணில், சீரகம் போட்டுக் கொதிக்க வைத்தால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று எவரும் எண்ணக் கூடாது. கொதிப்பது கிருமியைக் கொல்லும். சீரகம் சுவையைக் கூட்டும். கரைந்திருக்கும் உப்பையும் உலோகத்தையும் இரண்டுமே நீக்காது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடத்தான் செய்யும். உப்பு நீரின் சுவையைச் சீரகம் ஓரளவு மறைக்கக்கூடும் என்பதாலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்டாவுக்குள் ஏன் இல்லை

பிரியாணியில் சீரகம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். சீரகச் சம்பா நறுமண அரிசி. அதன் மணம் மென்மையானது. வெந்த சோற்றின் ஆவியில் தெரிவது. கியூமினால்டிஹைடு போன்ற கனத்த மணம் பக்கத்தில் வந்தால் அது அமுங்கிப்போகும். ஆம்பூர் வகைப் பிரியாணியின் இயல்பே மசாலாவை அடக்கி வாசிப்பது. கறியும் அரிசியும் முன்னால் நிற்க வேண்டும் என்பது அதன் கொள்கை. ஆகவே சீரகத்தை அண்டாவிலிருந்து விலக்கி, கட்டாவிலும் தால்ச்சாவிலும் பச்சடியிலும் வைத்தார்கள். புளி, கத்திரிக்காய், பருப்பு, தயிர் ஆகியவை சீரகத்தின் கனத்தைத் தாங்கக்கூடியவை.

ஒரு இலையில் பரிமாறும்போது இந்தப் பங்கீடு முழுமை பெறுகிறது. சோற்றில் அரிசியின் மணம், கட்டாவில் எண்ணெயில் திறந்த சீரகம், பச்சடியில் வறுத்த சீரகம். மூன்றையும் சேர்த்துப் பிசைந்து உண்பவரின் வாயில்தான் உணவு முடிகிறது. பிரியாணியைத் தனியாக எடுத்து ஆராய்ந்தால் இந்த அமைப்பு கண்ணில் படாது. தொட்டுக்கொள்வதை இலவச இணைப்பாகக் கருதி அலட்சியமாகச் செய்யும் கடைகளில் பிரியாணியே குறைபட்டதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

மண்டிக்கு வந்த வழி

இவ்வளவு வேலை செய்யும் சீரகம் இந்த மண்ணில் விளைவதில்லை. மேற்கு ஆசியாவும் கிழக்கு மத்தியதரைக் கடற்கரையும் அதன் பூர்வ நிலம். ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய பாபிலோனியக் களிமண் சமையல் குறிப்புகளில் அது இருக்கிறது. இந்தியாவில் அர்த்தசாஸ்திரம் தரும் காரப் பொருள்களின் பட்டியலிலும் இடம் பெறுகிறது. இன்று உலக உற்பத்தியில் சுமார் 70 விழுக்காடு இந்தியாவில்தான். அதுவும் கிட்டத்தட்ட முழுவதும் குஜராத்திலும் ராஜஸ்தானிலும். நவம்பர் வாக்கில் விதைத்து பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பார்கள். குளிர்ந்த, வறண்ட, மேகமில்லாத வானம் வேண்டும். சில நாள் மேகமூட்டம் நின்றாலே கருகல் நோய் பரவிவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நம் நவம்பர், அந்தச் செடிக்குத் துளியும் பொருந்தாது.

மெஹ்சானா மாவட்டத்தின் உஞ்சா சந்தைதான் நாட்டின் சீரக விலையைத் தீர்மானிக்கும் இடம். அங்கே 2023-இல் குவிண்டால் 60,000 ரூபாயைத் தாண்டியது. முந்தைய ஆண்டு விலையைப் போல இரு மடங்குக்கும் மேல். அந்த விலையிலும் ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 2 கிராம், ஒரு ரூபாய் 20 காசுதான். ஒரு வீட்டுத் தாளிப்பை அது நிறுத்தாது. டன் கணக்கில் அரைத்து விற்பவர்களுக்கோ அதே விலை உயர்வு பெரும் தொகை. கலப்படத்துக்கான தூண்டுதல் அங்கேதான் பிறக்கிறது.

பொடி நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது

2019-இல் டெல்லியின் பவானாவில் காவல்துறை ஒரு போலிச் சீரக ஆலையைப் பிடித்தது. காட்டுப் புல், வெல்லப்பாகு, கல்தூள் மூன்றையும் சேர்த்து உலர்த்திச் சீரகம் போலச் செய்து விற்றிருக்கிறார்கள். முழுச் சீரகத்திலும் ஏமாற்ற முடியும் என்பதற்கு இது சான்று. ஆனால் இத்தகைய ஏமாற்றைக் கண்டுபிடிக்க ஆய்வகம் தேவையில்லை. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் கரி ஏற்றிய புல்விதை கையில் கறுப்பை விட்டுவிடும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எளிய சோதனை சொல்லித் தருகிறது. தண்ணீரில் போட்டால் வெல்லப்பாகு கரையும். நல்ல சீரகம் கசக்கியதும் மணக்கும்.

அரைத்த பொடியில் இந்த வாய்ப்புகள் எதுவும் இல்லை. 2014 டிசம்பரில் அமெரிக்காவில் அரைத்த சீரகத்தில் வேர்க்கடலைப் புரதம் கலந்திருப்பது தெரியவந்தது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் அரைத்த சீரகத்தையும் அது சேர்ந்த உணவையும் தவிர்க்கும்படி அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அறிவுறுத்தியது; 2015 வரை பல நிறுவனங்களின் பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. நன்கு கண்காணிக்கப்படும் சந்தையிலேயே இப்படி. கண்ணுக்கும் கைக்கும் எட்டாத வடிவில் ஒரு சரக்கு வரும்போது, நாம் நம்புவதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் ஆகிறோம்.

மணத்தின் கணக்கும் அதே பக்கம்தான் சாய்கிறது. ஆலையில் அரைக்கும் வேகத்தில் சூடு ஏறி, ஆவியாகும் எண்ணெயின் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது. இதைத் தடுக்க மைனஸ் 196 பாகையில் உள்ள திரவ நைட்ரஜனைக் கொண்டு குளிர்வித்து அரைக்கும் முறையை, 2000-இல் தொடங்கப்பட்ட அஜ்மீர் தேசிய விதை மசாலா ஆராய்ச்சி மையம் ஆராய்ந்துள்ளது. இத்தனை செலவு செய்து காக்க முயலும் மணத்தை, முழுச் சீரகம் தன் தோலுக்குள் எந்தச் செலவும் இல்லாமல் வைத்திருக்கிறது. இடிகல்லில் நான்கு தட்டுத் தட்டினால் சூடே ஏறாமல் அது வெளிவரும்.

பொடி கூடவே கூடாது என்று வாதிட நான் விரும்பவில்லை. விடியலில் தோல் ஆலைக்கும் காலணித் தொழிற்சாலைக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் அதிகம் உள்ள பகுதி இது. அவர்களின் நேரத்தை மிச்சப்படுத்தும் எதையும் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் முழுச் சீரகத்தைத் தாளிக்கக் கூடுதலாக ஆவது சில நொடிகள்தான். மாதத்துக்கு வேண்டியதை மட்டும் முழுசாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வெளிச்சம் படாமல் வைத்து, பொடி வேண்டும்போது ஒரு கரண்டி வறுத்து நுணுக்கிக்கொள்வது எந்த வீட்டுக்கும் இயலக்கூடியதே.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. கட்டாவுக்கு எந்த நொடியில் வெங்காயம் விழ வேண்டும், தால்ச்சாவுக்கு ஏன் கடைசியில் பகார், கஞ்சிக்கு ஏன் பொரிக்காத சீரகம் என்பன எல்லாம் இன்னும் பெரும்பாலும் எழுத்துக்கு வராத அறிவு. உருது வீட்டிலும் தமிழ் வீட்டிலும் தெலுங்கு வீட்டிலும் தனித்தனியாகக் கைமாறி வருகிறது. பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உள்ள கல்லூரிகளின் வேதியியல், மனையியல், மொழித் துறைகள் சேர்ந்து, சமைப்பவர்களின் பக்கத்தில் நின்று, எண்ணெயின் சூட்டையும் நேரத்தையும் அளந்து, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே இதைப் பதிவு செய்யலாம். பெரிய நிதி தேவையில்லை. ஒரு வெப்பமானி, ஒரு கடிகாரம், கேட்கும் பொறுமை போதும். பிரியாணிக்கு இந்த ஊர்கள் பெற்ற புகழில், அண்டாவுக்குப் பக்கத்தில் சிறு சட்டியோடு நின்றவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் அறிந்ததை எழுதி வைப்பதே அந்தப் பங்கைக் கொடுக்கும் முறை.